படப்புத்தக ஓவியர்களுக்குக் கற்பனை எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: "குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைபவர்கள் எப்படிப்பட்டவர்கள்? வீடு நிறையக் குழந்தைகளோடு, சந்தோஷமான சிறுவயதோடு வளர்ந்தவர்களா? எனக்கும் ஓரளவு வரைய வரும். ஆனால் உட்கார்ந்தால் எதை வரைவது என்றே தோன்றுவதில்லை. அவர்களுக்கு மட்டும் எப்படித் தோன்றுகிறது?"

முதலில் அந்த "வீடு நிறையக் குழந்தைகள்" விஷயத்தை முடித்துவிடுவோம். படப்புத்தகங்களில் பேர் பெற்ற பீட்ரிக்ஸ் பாட்டருக்குக் குழந்தை இல்லை. மாரிஸ் செண்டாக்குக்கு இல்லை. எஸ்ரா ஜாக் கீட்ஸ், டூவே யான்சன், ரேமண்ட் பிரிக்ஸ், குவென்டின் பிளேக் யாருக்குமே இல்லை. பிள்ளை பெற்றவர்களும் நிறையப் பேர் இந்தத் துறையில் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து அறையில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால்தான் வரைய முடியும் என்பது உண்மையில்லை. இவர்கள் வரைந்தது பெரும்பாலும் தாங்கள் சிறுவயதில் பார்த்ததை, பயந்ததை, கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்ததை. வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த சாமான்தான்.

செண்டாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1928இல் நியூயார்க்கின் புரூக்ளினில், போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஓயாமல் நோயில் படுத்த பிள்ளை. ஜன்னலோரம் படுத்தபடி தெருவைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. செத்துவிடுவானோ என்று பெரியவர்கள் பேசிக்கொள்வது அந்தப் பிள்ளையின் காதில் விழும். ஐரோப்பாவில் மாட்டிக்கொண்ட சொந்தக்காரர்கள் நாஜிகளிடம் இறந்த செய்தியும் அந்த வீட்டுக்குத்தான் வந்தது. இப்படி வளர்ந்தவர் 1963இல் கொண்டுவந்த புத்தகம்தான் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்'. அம்மாவிடம் திட்டு வாங்கி, சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட ஒரு பையன், பூதங்களின் தீவுக்குப் போய் ராஜாவாகிற கதை.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அந்தப் பூதங்கள் பிறந்த விதம். முதலில் அந்தக் கதையில் பூதமே கிடையாது, காட்டுக் குதிரைகள்தான். பதிப்பாசிரியர் உர்சுலா நார்ட்ஸ்ட்ராமுக்கு அந்தக் குதிரைத் தலைப்பு ரொம்பப் பிடித்துப்போய் ஒப்பந்தமும் போட்டாயிற்று. உட்கார்ந்து பார்த்தால் செண்டாக்குக்குக் குதிரை வரைய வரவில்லை. சரி, உனக்கு என்னதான் வரைய வரும் என்று நார்ட்ஸ்ட்ராம் கேட்க, குதிரை போய் வேறு ஏதோ ஒன்று வரவேண்டியதாயிற்று. அந்த வேறு ஏதோ ஒன்று அவருடைய பெரியப்பா, மாமா, அத்தைகள். ஞாயிற்றுக்கிழமையானால் சாப்பிட வந்துவிடுவார்கள். சொத்தைப் பல், மூக்குக்கு வெளியே எட்டிப் பார்க்கும் முடி. முகத்துக்கு மிக அருகில் குனிந்து கன்னத்தைக் கிள்ளி, "உன்னை அப்படியே தின்றுவிடலாம் போலிருக்கிறது" என்பார்கள். அம்மா சமைக்க நேரமானால் உண்மையாகவே தின்றுவிடுவார்களோ என்று சின்னப் பையனுக்குச் சந்தேகம். அந்தப் பல்லும் கண்ணும்தான் புத்தகத்தில் இருக்கின்றன. குதிரை நன்றாக வந்திருந்தால் இந்தப் புத்தகமே கிடையாது.

அப்புறம் வேலைத்திறன். அந்தப் புத்தகத்தில் மொத்தம் 338 சொற்கள்தான். பையன் அறையில் கோபமாக இருக்கும்போது படம் பக்கத்தின் நடுவில் சின்னதாக, சுற்றிலும் வெள்ளையாக இருக்கும். அறை காடாக மாற மாற, பக்கத்துக்குப் பக்கம் படம் பெரிதாகும். பூதங்களோடு ஆட்டம் போடும்போது இரண்டு பக்கமும் நிரம்பி, எழுத்துக்கே இடமில்லாமல் போய்விடும். தொடர்ந்து மூன்று விரிப்புகளில் (எதிரெதிரான இரண்டு பக்கம் சேர்ந்தால் ஒரு விரிப்பு) ஒரு சொல் கிடையாது. வீடு திரும்பும்போது படம் மறுபடி சுருங்கும். கடைசிப் பக்கத்தில் படமே இல்லை, சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது என்ற தகவல் மட்டும். சிறுவயதுப் பயம் யாருக்கும் கிடைக்கும். அதை இப்படிப் பக்கங்களில் அளந்து வைப்பதுதான் தொழில்.

பாட்டரின் கதை வேறு மாதிரி. 1866இல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து, பள்ளிக்கூடம் போகாமல் வீட்டு ஆசிரியைகளிடம் படித்தவர். தோழிகள் அதிகம் இல்லை. அவருக்கும் தம்பிக்கும் துணை முயல், எலி, முள்ளெலி, வௌவால், பல்லி. முயல்களை வெறும் செல்லமாக வளர்த்திருந்தால் மற்றவர்கள் வரைவது போல உருண்டைக் கன்னம் வைத்த பொம்மை முயல்தான் வந்திருக்கும். இந்த இரண்டு பேரும் செத்த பிராணிகளை வேகவைத்துச் சதையை நீக்கி, எலும்புக்கூட்டைப் பார்த்து வரைவார்கள். கேட்கக் கொஞ்சம் அருவருப்பாக இருக்கலாம். ஆனால் பாட்டரின் முயல் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும்போதும் அதன் தோளும் பின்னங்காலும் முயலுக்கு எங்கே இருக்குமோ அங்கேயே இருப்பதற்கு அதுதான் காரணம்.

அவர் முதலில் பேர் வாங்க நினைத்தது காளான் ஆராய்ச்சியில். நூற்றுக்கணக்கான காளான் ஓவியங்கள் வரைந்தார். 1897இல் அவருடைய ஆய்வுக் கட்டுரை இயற்கை அறிவியலாளர்களின் அமைப்பான லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. பெண்களுக்கு அங்கே இடமில்லாததால் அதை வாசித்தது வேறொருவர். அந்தக் கதவு அத்தோடு சாத்திக்கொண்டது. இன்னொரு பக்கம், 1893 செப்டம்பரில் தன் பழைய ஆசிரியையின் ஐந்து வயது மகன் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, எழுதுவதற்கு ஒன்றும் தோன்றாமல் நான்கு முயல்களைப் பற்றிப் படம் போட்டு ஒரு கடிதம் எழுதியிருந்தார். "ஒன்றும் தோன்றவில்லை" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கடிதத்தின் முதல் வரியே கிட்டத்தட்ட அதுதான். பையன் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். ஏழெட்டு வருடம் கழித்து அதைத் திருப்பி வாங்கிப் புத்தகமாக்கினார். பதிப்பகங்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. 1901 டிசம்பரில் சொந்தக் காசில் 250 பிரதி அச்சடித்தார். 1902இல்தான் ஒரு பதிப்பகம் வண்ணத்தில் வெளியிட்டது. அந்தக் காசில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பண்ணை வாங்கி, ஆடு வளர்க்கும் விவசாயியாகவே மாறிப்போனார். 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை, இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்தார்.

பார்த்து வரைவது என்றதும் ராபர்ட் மெக்லாஸ்கியைச் சொல்லாமல் போக முடியாது. பாஸ்டன் நகரத்தில் தெருவைக் கடக்கும் ஒரு வாத்துக் குடும்பத்தைப் பற்றி 1941இல் புத்தகம் போட்டவர். வாத்து எப்படித் திரும்பும், கீழிருந்து பார்த்தால் அலகு எப்படித் தெரியும் என்று பிடிபடாமல், சந்தையிலிருந்து உயிருள்ள வாத்துகளை வாங்கித் தன் நியூயார்க் ஃபிளாட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். குளியல் தொட்டியில் நீந்தவிட்டார். ஸ்கெட்ச் புத்தகத்தோடு அவற்றின் பின்னால் தரையில் தவழ்ந்தார். அவை நிற்காமல் ஓடியதால் கொஞ்சம் சிவப்பு ஒயினை ஊற்றிக் கொடுத்து வேகத்தைக் குறைத்தார் என்பது அவரே சொன்ன கதை. மறுவருடம், அமெரிக்காவில் படப்புத்தக ஓவியத்துக்குத் தரும் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. வாத்துகளுக்கு என்ன கிடைத்ததோ. ஒயின் யோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம்.

இப்போது கீட்ஸ். இவருடைய கதையை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1916இல் புரூக்ளினில் பிறந்தவர், இவரும் போலந்து யூதக் குடும்பம், கடும் வறுமை. அப்பா ஓர் உணவகத்தில் பரிமாறுபவர். ஓவியன் என்றால் பட்டினி என்று மகனிடம் ஓயாமல் சொல்வார். ஆனால் அவ்வப்போது ஒரு பெயின்ட் டியூபை வீட்டுக்குக் கொண்டுவருவார். "பசியோடு வந்த ஒரு ஓவியன் ஒரு கிண்ணம் சூப்புக்காக இதைக் கொடுத்துவிட்டுப் போனான், பார்த்தாயா அவன் நிலைமையை" என்பார். காசு கொடுத்து வாங்கியதைத்தான் அப்படிச் சொல்கிறார். உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் விழாவுக்கு முந்தின நாள் அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். உடலை அடையாளம் காட்டப் போன மகன் அப்பாவின் பர்ஸைத் திறந்தால், உள்ளே மடித்து மடித்துக் கிழிந்துபோன செய்தித்தாள் துண்டுகள். மகன் ஓவியத்துக்காக வாங்கிய பரிசுகளைப் பற்றிய செய்திகள். ஓவியக் கல்லூரிக்கு உதவித்தொகை கிடைத்தும் வீட்டைத் தாங்கவேண்டியிருந்ததால் அவரால் போக முடியவில்லை.

இன்னொரு செய்தித்தாள் துண்டும் அவர் வாழ்க்கையில் உண்டு. 1940இல் லைஃப் பத்திரிகையில் ஒரு சின்னக் கறுப்பினப் பையனின் படத்தொடர் வந்திருந்தது. ரத்தப் பரிசோதனைக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போகிறான் பையன். முதலில் தைரியம், பிறகு சந்தேகம், பிறகு அழுகை. கீட்ஸ் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். இருபது வருடத்துக்கு மேல் அது அவரோடு இருந்தது. இடையில் மற்றவர்கள் எழுதிய குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டே வந்தார். வந்த கதைகள் எதிலும் கறுப்பினக் குழந்தை நாயகனாக இல்லை, பின்னணியில் ஓர் ஓரமாக நிற்பதோடு சரி. 1962இல் தானே எழுதி வரைய வாய்ப்பு வந்தபோது, சுவரில் இருந்த அந்தப் பையனைச் சிவப்புக் கோட்டு மாட்டிப் பனியில் இறக்கிவிட்டார். 'த ஸ்னோயி டே'. கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பனி பெய்திருக்கிறது, பையன் வெளியே போகிறான், நடக்கிறான், ஒரு பனி உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், அது கரைந்துபோகிறது.

அந்தப் புத்தகத்துக்கு முன் அவர் கொலாஜ், அதாவது துண்டுகளை வெட்டி ஒட்டும் படம், செய்ததே இல்லை. ஒரு துண்டு காகிதம், ஒரு துண்டு துணி என்று ஆரம்பித்து, படுக்கை விரிப்புக்கு ஓவியர்கள் பயன்படுத்தும் கேன்வாஸ் துணி, அம்மாவின் உடைக்கு அலமாரித் தட்டுகளில் விரிக்கும் ஆயில்கிளாத். பனித்திவலைகளுக்கு அழிரப்பரைச் செதுக்கி அச்சு செய்தார். ஓர் இரவுக் காட்சிக்குப் பல் துலக்கும் பிரஷில் இந்தியன் இங்க் தொட்டுத் தெளித்தார். நியூயார்க் பொது நூலகம் 2020இல் தன் வரலாற்றிலேயே அதிகம் இரவல் போன புத்தகங்களின் பட்டியலை வெளியிட்டது. முதலிடம் இதற்குத்தான், 4,85,583 முறை.

எரிக் கார்ல் என்றதும் எல்லோருக்கும் பச்சைக் கம்பளிப்புழு நினைவுக்கு வரும். அதன் பின்னால் இருப்பது ஒரு அப்பா. கார்ல் 1929இல் அமெரிக்காவில் பிறந்தவர். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு காட்டு வழியே கூட்டிப் போய், கல்லைப் புரட்டி, மரப்பட்டையை விலக்கி, உள்ளே இருக்கும் பூச்சிகளைக் காட்டிவிட்டு, மறுபடி பத்திரமாக மூடிவைப்பாராம். ஆறு வயதில் குடும்பம் ஜெர்மனிக்குத் திரும்பியது. இதைவிடத் தவறான நேரத்தில் யாரும் திரும்பியிருக்க முடியாது. போர் வந்தது, அப்பா ராணுவத்துக்குப் போனார், சோவியத் சிறையில் இருந்துவிட்டு 1947இல் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். கார்லையே பதினைந்து வயதில் பதுங்குகுழி வெட்ட அனுப்பினார்கள். நகரமே பழுப்பும் சாம்பலுமாக இருந்த காலம் அது. ஓவிய ஆசிரியர் ஒருவர் ஒருநாள் தன் வீட்டுக்கு அழைத்து, அரசு தடைசெய்திருந்த ஓவியங்களின் நகல்களை எடுத்துக் காட்டினார். அதில் ஃபிரான்ஸ் மார்க்கின் நீலக் குதிரையும் இருந்தது. வெளியே சொல்லாதே என்று எச்சரித்து அனுப்பினார். குதிரை நீலமாக இருக்கலாம் என்பதே அந்தப் பையனுக்குப் புதுச்செய்தி. கார்லின் டிஷ்யூ பேப்பர் கொலாஜ்களில் நிறம் அப்படிக் கத்துவதற்கு இந்தப் பழைய பசிதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த ஆசிரியருக்கான நன்றியாக, நீலக் குதிரை வரையும் ஓவியனைப் பற்றி 2011இல் ஒரு புத்தகமே செய்தார்.

ஆனால் 1969இல் வந்த கம்பளிப்புழுப் புத்தகத்தின் பொறி கிளம்பியது பஞ்சிங் மெஷினிலிருந்து. ஒரு கட்டுக் காகிதத்தில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவருக்கு, புத்தகத்தை ஒரு புழு அரித்தது போல இருக்கிறதே என்று தோன்றியது. முதல் வடிவத்தில் நாயகன் சாதாரணப் புழு. புழுவை யாருக்குப் பிடிக்கும் என்று யோசித்து, கம்பளிப்புழுவாக இருந்தால் என்ன என்று கேட்டவர் பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ். கேட்ட நொடியில் "வண்ணத்துப்பூச்சி!" என்றார் கார்ல். ஓட்டை போட்ட, அளவு மாறும் பக்கங்களைக் கட்டுப்படியாகும் விலையில் அச்சடிக்க அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல் ஜப்பானில் அடித்தார்கள். ஆக, சிறுவயது அப்பா, ஆபீஸ் சாமான் ஒன்று, பதிப்பாசிரியர் கேட்ட ஒரு கேள்வி, ஜப்பானிய அச்சகம். இதில் எதைக் கற்பனை என்பது?

போரில் அடிபட்டவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர். 'டோட்டோ-சான்' படித்தவர்களுக்கு அதில் வரும் நீர்வண்ணக் குழந்தைகளை நினைவிருக்கும். அவற்றை வரைந்த சிஹிரோ இவாசாகி, அந்தப் புத்தகம் வருவதற்கு ஏழு வருடம் முன்பே, 1974இல், இறந்துவிட்டார். புத்தகத்துக்காக வரையப்பட்ட படங்கள் இல்லை அவை. அவர் விட்டுப்போன ஓவியங்களிலிருந்து எடுத்தவை. 1945 குண்டுவீச்சில் டோக்கியோவில் வீட்டை இழந்தவர். நிறம் நீரில் கரைந்து ஓடுவதை அப்படியே விட்டுவிட்டு, அந்த ஈரத்துக்குள்ளிருந்து ஒரு குழந்தையின் முகத்தை எடுப்பார். பின்லாந்தின் டூவே யான்சன் ஹிட்லரைக் கிண்டல் செய்யும் கேலிச்சித்திரங்களை வரைந்துகொண்டிருந்தபோது, கையெழுத்தின் பக்கத்தில் கோபமான முகத்தோடு ஒரு சின்ன உருவம் போடுவார். அதுதான் பிறகு உருண்டு திரண்டு, அவருடைய குழந்தைகள் புத்தகங்களின் நாயகனான மூமின் ஆனது. பின்னாளில் தன் தோழியோடு ஒரு பாறைத் தீவில், மின்சாரம் இல்லாத ஒற்றை அறை வீட்டில் கோடைக்காலங்களைக் கழித்தார். எழுபது வயதைத் தாண்டி, கடலைப் பார்த்துப் பயம் வர ஆரம்பித்ததும் தீவை விட்டுக் கிளம்பிவிட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்படி அடுக்கினால், ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு காயம் இருக்கிறது என்று தேடத் தோன்றும். ஜூடித் கெர் 1933இல் ஒன்பது வயதில் நாஜிகளுக்குத் தப்பி பெர்லினிலிருந்து வெளியேறியவர். 1968இல் அவர் வரைந்த புத்தகத்தில், டீ நேரத்தில் ஒரு புலி கதவைத் தட்டி உள்ளே வந்து வீட்டில் இருந்ததையெல்லாம் தின்றுவிட்டுப் போகிறது. கதவைத் தட்டி வருகிற அந்தப் புலி நாஜி ரகசியப் போலீஸின் நிழல் என்று சிலர் விளக்கம் சொன்னார்கள். அவர் கடைசிவரை சொன்னது, புலி என்றால் புலிதான். கணவர் வேலையாக வெளியூர் போயிருக்க, தானும் சின்ன மகளும் வீட்டில் சலித்துப்போய், யாராவது வரமாட்டார்களா என்றிருந்த மதியங்களில் பிறந்த கதை அது. சலிப்பும் ஒரு சரக்குதான். நான் கெர் பக்கம்.

பஜ்ஜு ஷ்யாம் வேறு தினுசு. மத்தியப் பிரதேசத்தின் பாடன்கட் கிராமத்தைச் சேர்ந்த கோண்டு பழங்குடி ஓவியர். போபாலில் இரவுக் காவலாளி வேலை பார்த்திருக்கிறார். பெரிய ஓவியரான தன் உறவினர் ஜங்கட் சிங் ஷ்யாமிடம் தொழில் கற்றார். ஓர் உணவகத்தின் சுவர்களில் வரைவதற்காக இரண்டு மாதம் லண்டன் போனவர், பார்த்ததையெல்லாம் தன் ஊர்க் கண்ணாலேயே வரைந்தார். சென்னையின் தாரா புக்ஸ் 2004இல் அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தது. அதில் பிக் பென் கடிகாரக் கோபுரம் ஒரு சேவல், ஏனென்றால் அவருக்கு நேரம் சொல்வது சேவல். பறக்கும் விமானம் இறக்கை முளைத்த யானை. தினமும் தவறாமல் வந்து ஏற்றிப்போகும் 30ஆம் எண் பஸ், வாலாட்டும் நாய். வெள்ளைக்காரர்கள் காட்டுக்கு வந்து எழுதிய கதைகளை எல்லோரும் படித்திருக்கிறோம். இவர் எதிர்த்திசையில் போய்விட்டு வந்தார். மரபில் வந்த ஓவியர் என்றால் பழைய உருவங்களையே திரும்ப வரைவார் என்று நினைப்பவர்கள் அந்தச் சேவலைப் பார்க்கவேண்டும்.

எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டிருந்தீர்கள், அவர்கள் வாழ்க்கையையும் சொல்கிறேன். பெரும்பாலும் ஒரு மேஜை, ஒரு விளக்கு, தனிமை. படப்புத்தகம் வழக்கமாக 32 பக்கம், ஒரு பெரிய தாளை இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்து வெட்டினால் வரும் கணக்கு அது. தலைப்புப் பக்கம், காப்புரிமைப் பக்கம் போக, கதைக்குப் பன்னிரண்டு, பதினான்கு விரிப்புகள் மிஞ்சும். அதற்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும். வேறொருவர் எழுதிய கதையென்றால் ராயல்டியை இருவரும் பங்குபோட வேண்டும். வேறு வேலை பார்த்துக்கொண்டே வரைபவர்கள்தான் அதிகம். இன்னொன்று, எழுத்தாளரும் ஓவியரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி வேலை செய்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பல பதிப்பகங்களில் இருவரும் சந்திப்பதே இல்லை, இடையில் பதிப்பாசிரியர் இருப்பார். எழுத்தாளர் ரோல்ட் டாலும் அவருக்குப் படம் வரைந்த குவென்டின் பிளேக்கும் விதிவிலக்கு. 'பி.எஃப்.ஜி.' கதையில் வரும் ராட்சதன் காலில் என்ன போட்டிருக்கிறான் என்று இருவராலும் முடிவுக்கு வர முடியவில்லை. சில நாள் கழித்து பிளேக்குக்குத் தபாலில் ஒரு பார்சல். பிரவுன் பேப்பரைப் பிரித்தால் உள்ளே டால் தினமும் போடும் பெரிய செருப்பில் ஒன்று. ராட்சதனின் காலில் இன்றும் அதுதான் இருக்கிறது.

உங்களுக்கு எதுவும் தோன்றவில்லை என்றால், ரேமண்ட் பிரிக்ஸ் செய்ததைச் சொல்கிறேன். அவருடைய அப்பா வீடுவீடாகப் பால் போட்டவர். 1973இல் கிறிஸ்துமஸ் தாத்தாவை வரைய வேண்டி வந்தபோது பிரிக்ஸ் யோசித்தது, குளிரில் விடியற்காலையில் எழுந்து எல்லார் வீட்டுக்கும் சாமான் கொண்டுபோய்ப் போடுகிற ஆள் எப்படி இருப்பார்? கடுகடு என்று இருப்பார். அப்பாவையே வரைந்துவிட்டார். அம்மா அப்பா வாழ்ந்த அதே வீடு, அதே அடுப்படி. புத்தகத்தில் விடியும் நேரத்தில் தாத்தா வழியில் ஒரு பால்காரரைச் சந்திப்பார். பிறகு சேறும் சளியுமான ஒரு பூதத்தைப் பற்றி இரண்டு வருடம், பக்கம் நிறையச் சொற்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், சுத்தமாக, வெள்ளையாக, ஒரு சொல்கூட இல்லாத ஒன்று வேண்டும் என்று கலர் பென்சிலை எடுத்தார். 1978இல் வந்த பனிமனிதன் அப்படிப் பிறந்தவன்.

எனவே உங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்துபோகிற சொந்தக்காரர்களின் பல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். குதிரை வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.